காய்க்குச் சல்லடை உண்டு, கதைக்கு?

போடிநாயக்கனூர் சென்று வந்தோம். மணக்கும் ஊர். பேருந்தை விட்டு இறங்கியதுமே மூக்கு சொல்லிவிடும், இது ஏலக்காய்ச் சீமை என்று. மலையிலே பறித்த காய் அங்கேயே உலர்த்தப்பட்டு, மூட்டை மூட்டையாக இறங்கி வருகிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையத்திலே விலை பேசப்படுகிறது. ஏலத்திலே எடுத்த காய் அப்படியே வடநாட்டு வண்டி ஏறிவிடுவதில்லை. கிடங்கிலே சல்லடையிலே விழுகிறது. பெரிய காய் ஒரு குவியல், சிறிய காய் ஒரு குவியல். 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட காய் என்றால் தனி மதிப்பு. நிறம் குன்றாதது ஒருபுறம், வெளிறியது ஒருபுறம், வெடித்தது ஒருபுறம். சலித்த பிறகும் விடுவதில்லை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கையாலே பொறுக்குகிறார்கள்.

எங்கோ ஓர் ஊரிலே, யாரோ ஒரு சீமான் வீட்டுப் பாயசத்திலே மிதக்கப் போகும் காய்! அதற்கு இத்தனை சோதனை, இத்தனை கண்காணிப்பு. வேண்டாம் என்பவரல்லோம் நாம். வாங்குகிறவன் பணம் கொடுக்கிறான். நல்ல காயைக் கேட்கிறான். நியாயம்தான்.

ஆனால், அந்தக் காயைப் பொறுக்கிய கை, மாலையிலே வீடு திரும்புகிறது. வீட்டிலே ஒரு பெட்டி எரிந்துகொண்டிருக்கிறது. பெட்டியிலே ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. கதையிலே ஒருவன் ஒருத்தியை அறைந்துகொண்டிருக்கிறான். அதைப் பார்த்தபடி அவள் பெற்ற குழந்தைகள் சோறு தின்றுகொண்டிருக்கின்றன. அந்தக் கதையைச் சலித்தது யார்? பொறுக்கியது யார்? தரம் பிரித்தது யார்?

இந்தக் கேள்வி நமக்குத் தோன்றியதல்ல. போடியிலே ஒரு தாய் நம்மிடம் கேட்டது. பெயர் வேண்டாம். அவரைப் போல் ஆயிரமாயிரம் பேர் அந்த வட்டாரத்திலே உண்டு. ஒரு பெயரைச் சொல்லி ஏன் மற்றவரை மறைக்க வேண்டும்? விடியுமுன் எழுந்து, உலை வைத்து, தூக்குச் சட்டியிலே சோறு கட்டி, ஜீப்பிலே நெருக்கியடித்து ஏறி, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, போடிமெட்டுக்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குச் சென்று, நாளெல்லாம் குனிந்து காய் பறித்து, இருட்டும் வேளையிலே இறங்கி வருகிறவர். மலையிலே வேலை இல்லாத நாட்களிலே, கிடங்கிலே காய் பொறுக்குகிறவர். மகள் ஒன்பதாம் வகுப்பு. மகன் ஐந்தாம் வகுப்பு. பள்ளி விட்டு வந்த பிள்ளைகளுக்கும், தாய் வந்து சேரும் நேரத்துக்கும் இடையே இருப்பவர் இருவர்; ஒருவர் பாட்டி, இன்னொன்று பெட்டி.

"தொலைக்காட்சி பார்க்கிறதுண்டா தங்கச்சி?" என்று பேச்சுவாக்கிலே கேட்டோம். சிரித்தார்.

"நான் எங்கண்ணே பாக்குறேன்? அது ஓடும், நான் அடுப்படியில நிப்பேன். காதுலதான் கேக்கும். பாக்குறது பூராம் புள்ளைகளும் எங்க அத்தையுந்தான்."

"நல்லதாகத்தானே காட்டுகிறார்கள்? குடும்பத்தோடு பார்க்கும் கதை என்றுதானே விளம்பரம்?"

"குடும்பத்தோட பாக்குறதுதாண்ணே. ஆனா குடும்பத்துக்கு ஆகுமான்னுதான் தெரியல. நெதம் ஒரு வீடு. அந்த வீட்டுல யாருமே வேலைக்குப் போறதில்ல. காலையில எந்திரிச்சதுமே பட்டுச்சேலை. ஒருத்திக்கு ஒருத்தி குழி பறிக்கிறாளுக. ஆம்பள கைய ஓங்குறான். அவ வாங்கிக்கிட்டு அழுகுறா. எம்மவன் அதைப் பாத்துப்புட்டு அக்காகாரிய, 'ஏய், தண்ணி கொண்டா'ங்குறான். பத்து வயசுப் பயண்ணே! எங்க அத்தை சிரிக்கிது. எனக்குச் சிரிப்பு வரல."

சற்று நிறுத்தினார். பிறகு சொன்னார்:

"அதுகூடப் போகட்டும். பொட்டப்புள்ள கேட்டாளே ஒரு கேள்வி, அதுலதான் எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு. 'ஏம்மா, டிவியில அந்த அக்கா காலேசு படிச்சவ. அவளும் அடுப்படியிலதான் நிக்கிறா. நான் படிச்சு என்னம்மா ஆகப் போகுது?'ன்னா. ஏற்கெனவே எங்க அத்தை, பிள்ளைய மாமன் வீட்டுல கேக்குறாகன்னு சாடை பேசிக்கிட்டு இருக்கு. நான் அந்த வளைவுல உசிரக் கையில பிடிச்சுக்கிட்டுப் போய் வாரது எதுக்குண்ணே? அவ அந்த ஜீப்புல ஏறக்கூடாதுன்னுதான."

இதைக் கேட்டபின் நாம் எழுதாமல் இருக்க முடியுமா?

முதலிலே ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். கலையைக் கண்டால் காத தூரம் ஓடும் கூட்டமல்ல நாம். பெட்டியை உடை, கம்பியை அறு என்று கூவும் பழைமைப் பித்தர்களும் அல்லோம். 1949இலே "வேலைக்காரி"யையும், 1952இலே "பராசக்தி"யையும் திரையிலே கண்டு, ஏன் எதற்கு என்று கேட்கக் கற்றவர்கள் இந்நாட்டு ஏழையெளியவர்கள். கதை மனிதனை மாற்றும் என்பதை நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. மாற்றும் என்பதாலேதான், எப்படி மாற்றுகிறது என்று கேட்கிறோம்.

பெட்டி வந்த கதையையும் நாடு மறந்திருக்காது. 1975இலே சென்னைக்கு வந்தது தொலைக்காட்சி நிலையம். நெடுங்காலம் அது வசதி படைத்தோர் வீட்டுக் கூடத்துப் பொருள். ஊருக்கு ஒரு பெட்டி. அந்தப் பெட்டி வீட்டுச் சன்னலுக்கு வெளியே ஒரு கூட்டம். "உள்ளே வராதே, எட்டி நின்று பார்" என்ற ஏச்சைக் கேட்டபடி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தைகள் யாருடைய குழந்தைகள்? 1993இலே தனியார் தொலைக்காட்சி தமிழிலே பிறந்தது. 2006இலே கலைஞர் அரசு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியை இலவசமாகக் கொடுத்தது. என்னென்ன ஏளனம், எத்தனை எக்களிப்பு! உச்சநீதிமன்றம் வரை இழுத்தனர். தேர்தல் அறிக்கையிலே இத்தகைய வாக்குறுதி தருவது ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013இலே தீர்ப்பு வந்தது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வீடு வீடாகச் சென்றன. சன்னல் கம்பியைப் பிடித்து நின்ற குழந்தை, தன் வீட்டிலே கால் நீட்டி உட்கார்ந்து பார்த்தது. அந்த மாற்றத்தின் அருமை, சன்னலுக்கு உள்ளே இருந்தவருக்கு விளங்காது. வெளியே நின்றவருக்கே விளங்கும்.

பெட்டியைக் கொடுத்தது சரி. அதற்குள் என்ன போட்டோம்? இதைக் கேட்கும் உரிமை மற்றெவரையும்விட நமக்கே உண்டு. கேட்கும் கடமையும் உண்டு. "நமக்கு வேண்டியவர் நடத்தும் தொலைக்காட்சி, வேண்டாதவர் நடத்தும் தொலைக்காட்சி" என்று பார்த்துப் பேசுவது நேர்மையாகாது. எந்த அலைவரிசையானாலும் அறை ஒன்றுதான். விழும் கன்னம் ஒன்றுதான்.

தொலைக்காட்சியாலே நன்மையே இல்லையா? உண்டு. மறைக்க மாட்டோம். ராபர்ட் சென்சன், எமிலி ஆஸ்டர் என்ற இரு பொருளியல் அறிஞர்கள், 2001 முதல் 2003 வரை தமிழ்நாடு உட்பட ஐந்து பகுதிகளிலே கேபிள் தொலைக்காட்சி புதிதாகச் சென்ற ஊர்களை ஆராய்ந்தார்கள். 2009இலே முடிவை வெளியிட்டார்கள். என்ன கண்டார்கள்? கேபிள் வந்த ஊர்களிலே, மனைவியை அடிப்பது சரியென்று சொல்லும் பெண்கள் குறைந்தனர். ஆண் குழந்தைதான் வேண்டும் என்ற பிடிவாதம் தளர்ந்தது. வீட்டுக் காரியங்களிலே பெண்ணின் சொல்லுக்கு இடம் கூடியது. நான்கு சுவருக்குள் இருந்தவள், தன்னைப் போன்ற இன்னொருத்தி வெளியே செல்வதை, வேலை பார்ப்பதை, பணம் எண்ணுவதைப் பார்த்தாள். "அவளால் முடிகிறதே!" என்று நினைத்தாள். அவ்வளவுதான் மந்திரம்.

அன்று பெட்டி காட்டிய உலகம், அவள் ஊரைவிட ஓரடி முன்னே நின்றது. இன்று பெட்டியிலே வரும் தொடர்கள் பல, அவள் ஊரைவிட ஓரடி பின்னே நிற்கின்றன. போடியிலே பெண் விடியுமுன் மலையேறிச் சம்பாதிக்கிறாள், தொடரிலே படித்த பெண் அடுக்களையிலே அடைபட்டு, "வேலைக்குப் போகலாமா?" என்று மாமியாரிடம் கெஞ்சுகிறாள். ஊர் முன்னே, கதை பின்னே! ஆசிரியர் மாணவனைவிடக் குறைவாகப் படித்திருந்தால் வகுப்பு எப்படி உருப்படும்?

எல்லாத் தொடரையும் ஒரே தராசிலே போடவில்லை. 2002 முதல் 2005 வரை வந்த "மெட்டி ஒலி"யிலே ஐந்து பெண்களைப் பெற்ற ஒரு தந்தையின் தவிப்பு இருந்தது. அது நம் தெருவிலே நடப்பது. 2022இலே தொடங்கி 2024 வரை ஓடிய "எதிர்நீச்சல்" வேறொரு வகை. மெத்தப் படித்த பெண்களை மருமகள்களாகக் கொண்டுவந்து, வேலைக்குப் போகக்கூடாது என்று அடக்கி வைக்கும் குடும்பம். அதை எதிர்த்து அந்தப் பெண்கள் எழும் கதை. நோக்கம் நல்லது. அடக்குபவனாக நடித்தவர் மாரிமுத்து. நம் வருசநாட்டு மண்ணிலே பிறந்தவர். 2023 செப்டம்பரிலே மறைந்தபோது, தேனி மாவட்டமே தன் வீட்டுப் பிள்ளையை இழந்ததுபோல் துயருற்றது. அந்த நடிப்பின் வலிமை அப்படி.

ஆனால் நடந்தது என்ன? எதிர்த்து நின்ற பெண்களின் சொல்லைவிட, அதட்டிய ஆணின் அதட்டலே நாடெங்கும் பரவியது. கைப்பேசிகளிலே சுற்றியது, கடைவீதியிலே இளைஞர் வாயிலே புரண்டது, கேலியாகச் சொன்னார்கள், கொண்டாடிச் சொன்னார்கள். நடித்தவர் குற்றமா? அல்ல. எழுதியவர் குற்றமா? முழுதும் அல்ல. விடுதலை பேச வந்த கதையிலேயே விலங்குக்கு இத்தனை மவுசு என்றால், விலங்கை மட்டுமே விற்க வந்த கதைகளின் கதி என்ன என்பதுதான் நமது கேள்வி.

ஏன் இப்படி எடுக்கிறார்கள்? எடுப்பவர்கள் எல்லாம் கொடியவர்களா? இல்லை, கணக்கு அப்படி. வாரத்திலே ஐந்து நாள், ஆறு நாள் கதை வேண்டும். நாள்தோறும் அரைமணி நேரத்தை நிரப்ப வேண்டும். வெளியே போய்ப் படம் பிடிக்கச் செலவு அதிகம்; ஒரே வீட்டுக்குள் ஒன்பது பேரைப் பூட்டி வைத்துச் சண்டை மூட்டினால் செலவு குறைவு. டி.ஆர்.பி. என்னும் எண் வாரந்தோறும் வருகிறது. எண் ஏறினால் விளம்பரம் ஏறும், இறங்கினால் கதையே இறங்கிவிடும். ஆகவே ஓர் அறை விழுந்தால், அதை மூன்று கோணத்திலே மூன்று முறை காட்டி, முரசறைந்து, ஒவ்வொரு முகத்தையும் சுற்றிவந்து, "நாளை பார்ப்போம்" என்று நிறுத்துகிறார்கள். இடையிலே பாத்திரம் துலக்கும் பொடிக்கு விளம்பரம். அவள் அழுத கண்ணீரும் விற்கப்படுகிறது. அழுகையைப் பார்க்கும் தாயின் பொழுதும் விற்கப்படுகிறது.

இதனாலே என்ன கெட்டுவிட்டது என்பார் சிலர். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வைப் புரட்டட்டும். ஏதேனும் ஒரு காரணத்துக்காகக் கணவன் மனைவியை அடிப்பது சரியே என்று தமிழ்நாட்டிலே ஒப்புக்கொண்ட பெண்கள், நூற்றுக்கு எழுபது பேருக்கும் மேல்! இந்திய அளவிலே நூற்றுக்கு 45. தலை குனிகிறோம். பெரியார் பெண் ஏன் அடிமையானாள் என்று கேட்ட மண்ணிலே, "அடித்தால் என்ன?" என்று பெண்ணே கேட்கும் நிலை! இதற்குத் தொடர்கள்தான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. காரணங்கள் பல, வேர்கள் ஆழம். ஆனால் இப்படியொரு நோய் இருக்கும் வீட்டிலே, மருந்து கொடுக்காவிட்டாலும் போகட்டும், நாள்தோறும் இரவு நோயையே பரிமாற வேண்டுமா?

எடுத்துக்காட்ட எத்தனை இல்லை! பெண்ணுக்குச் சொத்திலே சம உரிமை என்று 1989இலேயே தமிழ்நாட்டிலே சட்டம் வந்துவிட்டது. நாடு முழுமைக்கும் 2005இலே வந்தது. சொத்துச் சண்டை இல்லாத தொடர் அரிது. ஆனால் எத்தனை தொடரிலே ஒரு மகள் நிமிர்ந்து, "சட்டப்படி இது என் பங்கு" என்கிறாள்? வீட்டுக்குள் வன்முறையைத் தடுக்க 2005இலே சட்டம் வந்தது. 2006 அக்டோபரிலே நடைமுறைக்கும் வந்தது. அறை வாங்கிய மருமகள்கள் ஆயிரம். அவர்களிலே எத்தனை பேர் 181 என்ற எண்ணை அழைத்தார்கள்? பூசை அறைக்கு ஓடுகிறாள்; பாதுகாப்பு அலுவலரிடம் ஓடுவதில்லை. உயர்கல்விக்குப் போகும் அரசுப் பள்ளி மாணவிக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இலே பிறந்தது. அப்படிப் படிக்கப் போன ஒருத்தியை, போடித் தாயின் மகள் பெட்டியிலே பார்த்திருந்தால், அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பாளா?

சட்டம் இல்லையா? இருக்கிறது. கேபிள் தொலைக்காட்சி விதிகள் 1994இலேயே எழுதப்பட்டன. பெண்ணை இழிவுபடுத்தாதே என்கின்றன. குழந்தைகள் பெருவாரியாகப் பார்க்கும் நேரத்திலே, அவர்களுக்கு ஒவ்வாததைக் காட்டாதே என்கின்றன. குழந்தைகளை ஆபாச அசைவுகளோடு ஆடவிடாதீர் என்று 2019இலே ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அறிவுரை அனுப்பியது. வரவேற்கிறோம்.

ஆனால் அமைச்சகத்தின் கண் எப்போது அகலத் திறக்கிறது என்பதையும் நாடு பார்த்தது. 2022 சனவரியிலே, ஜீ தமிழ் நிகழ்ச்சி ஒன்றிலே, இரண்டு சிறுவர்கள் ஒரு மன்னன் கதையை நகைச்சுவையாக நடித்தார்கள். நாணயத்தைச் செல்லாது என்று அறிவித்த மன்னன். பிரதமரைக் கேலி செய்கிறார்கள் என்று பா.ஜ.க. முறையிட்டது. உடனே, 7 நாளிலே விளக்கம் தா என்று பறந்தது அறிவிப்பு! மன்னனை நோக்கிச் சிறுவன் சிரித்தால் ஏழே நாள். மருமகள் கன்னத்திலே அறை விழுந்தால் எத்தனை நாள்? மன்னனின் மானம் அவ்வளவு மெல்லியது. மங்கையின் மானம் அவ்வளவு மலிவானது!

ஆகவே தணிக்கைக் கத்தரிக்கோலை ஆளுவோர் கையிலே கொடு என்று நாம் கேட்க மாட்டோம். அந்தக் கத்தரிக்கோல் முதலிலே யாரை வெட்டும் என்பது நமக்குத் தெரியும். பார்ப்போர் முறையிட ஒரு மன்றத்தை ஒளிபரப்பாளர்களே 2011இலே அமைத்தார்கள். நல்லது. அப்படியொரு மன்றம் இருக்கிறது என்று ஜீப்பிலே தொங்கிச் செல்லும் தாய்க்கு யார் சொன்னது? நாள்தோறும் தொடருக்கு நடுவிலே, பாத்திரப் பொடிக்குப் பக்கத்திலே, அரை நிமிடம் அதைத் தமிழிலே சொன்னால் என்ன குறைந்துவிடும்?

இன்னொரு குறையும் அந்தத் தாய் சொன்னார். "எங்கள மாதிரி ஆளுகளே அதுல இல்லையேண்ணே. மழை கொட்டுச்சுன்னா, மலை சரிஞ்சதுன்னா மட்டும் எங்கள காட்டுறாக."

உண்மை. 2015 செப்டம்பரிலே மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள், பெண்கள் ஒற்றுமை என்று கொடி பிடித்துத் தெருவிலே உட்கார்ந்தார்கள். தலைவர்கள் வேண்டாம், நாங்களே பேசுவோம் என்று நிமிர்ந்தார்கள். எந்தத் தொடரின் எந்தக் கதாநாயகி அவர்களுக்கு ஈடு? சில நாள் செய்தியிலே வந்தார்கள். பிறகு பட்டுச்சேலைகள் திரும்பிவிட்டன. 2020 ஆகஸ்டிலே பெட்டிமுடியிலே மலை சரிந்து, உறங்கிக்கொண்டிருந்த 70 உயிர்கள் போயின. அப்போதும் சில நாள். 2018இலே வந்த "மேற்குத் தொடர்ச்சி மலை" என்ற திரைப்படம், ஏலக்காய் மூட்டை சுமக்கும் மனிதனின் காணி நிலக் கனவை நம் மலையிலேயே வைத்துக் காட்டியது. குடும்பத்தோடு பார்க்கத் தக்க கதை எது என்று கேட்பவருக்கு அதைக் காட்டுவோம். பார்த்தவர் மனம் கனத்தது. முடியும் என்பதற்கு அது சான்று.

தொலைக்காட்சியாருக்கு நமது வேண்டுகோள் சிறியது. நூறு கதையிலே பத்துக் கதையாவது வேலைக்குப் போகும் வீட்டிலே நடக்கட்டும். அறை விழுந்தால், அதற்கு ஒரு விளைவு இருக்கட்டும். படித்தவள் படிப்பு அவளுக்குப் பயன்படட்டும்.

தந்தையருக்கும் ஒரு சொல். "சீரியல் பார்த்துக் கெட்டுப் போகிறார்கள்" என்று திண்ணையிலே உட்கார்ந்து பெண்களைப் பழிப்பது எளிது. பிள்ளை பக்கத்திலே உட்கார்ந்து ஒரு நாளாவது பார்த்ததுண்டா? வீட்டிலே ஓங்கிய கையை இறக்கியதுண்டா? மகன் அக்காவிடம் தண்ணீர் கேட்டால், "நீ போய் மொண்டு குடி" என்று சொன்னதுண்டா? பெட்டியிலே வரும் ஆணைவிடப் பெரிய பாடம், வீட்டிலே இருக்கும் ஆண்.

அந்தத் தாய் என்ன செய்கிறார் தெரியுமா? பெட்டியை அணைக்கவில்லை. "அணைச்சா அடுத்த வீட்டுல போய்ப் பாக்குங்க" என்கிறார். இரவு, உலையை இறக்கிவிட்டு, பிள்ளைகள் நடுவிலே வந்து உட்கார்ந்துகொள்கிறார். அறை விழும்போது கேட்கிறார்: "ஏத்தா, இவ ஏன் வாங்கிக்கிட்டு நிக்கிறா?" மகனைப் பார்த்துக் கேட்கிறார்: "ஏண்டா, இவன் அடிச்சது சரியா?" முதல் நாள் பிள்ளைகள் விழித்தனவாம். நாலாம் நாள் மகள் சொன்னாளாம்: "இவ பேர்ல ஒரு பேங்க் புக்கு இருந்தா, இந்நேரம் பெட்டியத் தூக்கிக்கிட்டுப் போயிருப்பாம்மா."

"மாமன் வீட்டுப் பேச்சு என்ன ஆயிற்று?" என்று கேட்டோம்.

"பதினெட்டு ஆகட்டும், அவளே சொல்லுவான்னுட்டேன். அத்தை மூணு நாளா எங்கிட்டப் பேசல. பேசாட்டிப் போகுது, ராத்திரி சீரியல் பாக்கக் கூட உக்காந்துக்கிருதுல்ல!"

பேராசிரியர்களும் அமைச்சகங்களும் தேடும் சல்லடை இதுதான். காய் பொறுக்கிப் பழகிய கை, கதையையும் பொறுக்கத் தொடங்கிவிட்டது. ஒரு வீட்டிலே தொடங்கியது தெருவுக்கு வரட்டும், தெருவிலிருந்து ஊருக்கு வரட்டும். நாளை விடியுமுன் அந்த ஜீப் மீண்டும் மலையேறும். அதிலே அந்தத் தாய் இருப்பார். மகள் இருக்க மாட்டாள், பள்ளியிலே இருப்பாள். அந்த இடம் அவளுக்கு நிலைக்க வேண்டும். அதைப் பறிக்க வருவது பாட்டியின் சாடையானாலும் சரி, பெட்டியின் கதையானாலும் சரி, எதிர்த்து நிற்போம்.